வெள்ளை மாத்திரையும் விசுவாச வீட்டாரும்

ஹோமியோபதி மருத்துவம்: ஓர் அறிமுகமும் ஓர் ஆராய்வும்



ஞாயிறு ஆராதனை முடிந்து சபைக் கூடத்தின் வாசலில் நடக்கும் பேச்சைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். ஒரு தாயார் தமது கைப்பையிலிருந்து சிறு குப்பி ஒன்றை எடுத்து, "பிள்ளைக்குச் சளி என்றீர்களே, இதில் நான்கு உருண்டை கொடுங்கள், பக்கவிளைவு ஒன்றுமில்லை" என்று இன்னொரு சகோதரியின் கையில் வைக்கிறார். வாங்கிக்கொண்ட சகோதரியும் ஸ்தோத்திரம் சொல்லிப் புறப்படுகிறார். தாராவியானாலும் செம்பூரானாலும், பெங்களூரானாலும் டில்லியானாலும், நம்முடைய குடும்பங்களில் ஹோமியோபதியின் வெள்ளை மாத்திரை அறியாத வீடு மிகச் சிலவே.

இதற்குக் காரணங்கள் உண்டு. செலவு குறைவு. ஊசி இல்லை. இனிப்பாயிருப்பதால் பிள்ளைகள் அடம்பிடிப்பதில்லை. எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று: அந்த மருத்துவர் நம்மை உட்காரவைத்துப் பேசுகிறார். பிழைப்புக்காக வந்த ஊரில், தெரியாத பாஷையில், பெரிய மருத்துவமனையின் நீண்ட வரிசையில் நின்று அரை நிமிடத்தில் அனுப்பப்பட்டவனுக்கு, தூக்கத்தையும் பசியையும் மனக்கவலையையும் நிதானமாய் விசாரிக்கிற ஒருவர் தேவதூதன்போல் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனாலும் ஒரு கேள்வி இருக்கிறது. இந்த மாத்திரைக்கு உள்ளே என்ன இருக்கிறது? அது நோயைக் குணமாக்குகிறது என்பதற்கு ஆதாரம் என்ன? நம் பிள்ளைகளின் வாயில் வைக்கிற எதைக்குறித்தும் இதைக் கேட்பது நம்முடைய கடமை.

ஹானிமன் என்னும் வைத்தியர்

ஹோமியோபதியை உருவாக்கியவர் சாமுவேல் ஹானிமன். 1755ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் ஜெர்மனியின் மைசென் நகரில், பீங்கான் பாத்திரங்களுக்குச் சித்திரம் தீட்டும் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தார். 1779இல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அக்காலத்து மருத்துவம் எப்படிப்பட்டதென்று அறிந்தால்தான் இவரை நாம் சரியாய்ப் புரிந்துகொள்ள முடியும். காய்ச்சலென்றால் நரம்பைக் கீறி இரத்தத்தை வடிப்பார்கள், அட்டைகளை விடுவார்கள், கடும் பேதிமருந்தும் பாதரசமும் கொடுப்பார்கள். நோயால் சாகாதவன் வைத்தியத்தால் செத்தான். இதைக் கண்டு மனம் வெறுத்த ஹானிமன் வைத்தியத் தொழிலைக் கைவிட்டு, புத்தகங்களை மொழிபெயர்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

1790இல் ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லன் எழுதிய மருந்து நூலை மொழிபெயர்க்கும்போது, சின்கோனா மரப்பட்டை மலேரியாக் காய்ச்சலை ஏன் போக்குகிறது என்ற விளக்கம் அவருக்குத் திருப்தியளிக்கவில்லை. கொயினா மருந்து எடுக்கப்படும் அந்தப் பட்டையைத் தாமே உட்கொண்டு பார்த்தார். காய்ச்சலைப்போன்ற குறிகள் தம் உடலில் தோன்றியதாக எழுதினார். சுகமுள்ளவனுக்கு எந்தக் குறியை ஒரு பொருள் உண்டாக்குகிறதோ, அதே குறியுள்ள நோயை அது போக்கும் என்பதே அவர் கண்ட முடிவு. 1796இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். 1810இல் 'ஆர்கனான்' என்னும் தமது முதன்மையான நூலை வெளியிட்டார். 1843இல் பாரிஸ் நகரில் காலமானார்.

இந்தியாவுக்கு வந்த வழி

1839இல் ஹோனிக்பெர்கர் என்னும் ஐரோப்பிய மருத்துவர் லாகூரில் மகாராஜா ரஞ்சித் சிங்குக்கு இம்முறையில் சிகிச்சையளித்தார். பின்பு கல்கத்தா இதன் இருப்பிடமாயிற்று. ஆங்கில மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற்று, ஹோமியோபதியைக் கடுமையாய் எதிர்த்துவந்த டாக்டர் மகேந்திரலால் சர்க்கார், 1867இல் பகிரங்கமாய் அதன் பக்கம் சேர்ந்தார். அதனால் சக மருத்துவர்களின் பகையைச் சம்பாதித்தார். இதே சர்க்கார்தான் 1876இல் கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். நம் சர் சி. வி. ராமன் நோபல் பரிசுக்குரிய ஆராய்ச்சியைச் செய்தது அந்தக் கூடத்திலேதான்.

கிறிஸ்தவ ஊழியமும் இதற்குத் துணைநின்றது. ஜெர்மானிய இயேசு சபைக் குருவான அகஸ்டஸ் முல்லர் 1880இல் மங்களூர் கங்கனாடியில் ஏழைகளுக்கு ஹோமியோபதி மருந்து கொடுக்கத் தொடங்கினார். அந்தச் சிறு மருந்தகமே இன்று ஆங்கில மருத்துவக் கல்லூரியும் ஹோமியோபதிக் கல்லூரியும் சேர்ந்த பெரிய நிறுவனமாய் நிற்கிறது.

1973இல் பாராளுமன்றம் ஹோமியோபதிக்கென்று மத்தியக் கவுன்சில் சட்டம் இயற்றியது. 2020இல் அதற்குப் பதிலாகத் தேசிய ஹோமியோபதி ஆணையச் சட்டம் வந்தது. பயிற்சிக்காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் படித்தவர்களே பி.எச்.எம்.எஸ். பட்டம் பெறுகிறார்கள். ஆகவே இவர்களைப் போலி மருத்துவர்களென்று எவரும் சொல்லலாகாது. அரசாங்கம் அங்கீகரித்த படிப்பு அது. ஆனால் அரசாங்கத்தின் அங்கீகாரம் வேறு, மருந்து வேலைசெய்கிறது என்பதற்கான ஆதாரம் வேறு. முன்னது சட்டத்தினால் வருகிறது. பின்னது சோதனையினால் மாத்திரமே வரும்.

ஒரு துளியும் ஒரு சமுத்திரமும்

ஹோமியோபதியின் இரண்டாம் கொள்கை, மருந்தை எவ்வளவு நீர்க்கச் செய்கிறோமோ அவ்வளவு வீரியம் கூடும் என்பது. மூலச்சாற்றில் ஒரு பங்கை எடுத்து 99 பங்கு நீரிலோ ஆல்கஹாலிலோ கலந்து பலமுறை குலுக்குவார்கள். இது 1சி. அதிலிருந்து ஒரு பங்கு எடுத்து மறுபடியும் 99 பங்குடன் சேர்த்தால் 2சி. இப்படி முப்பது முறை செய்தால் 30சி. அதைச் சர்க்கரை உருண்டைகளின்மேல் ஊற்றிக் குப்பியில் அடைக்கிறார்கள். குப்பியின்மேல் ஆர்னிகா 30, பெல்லடோனா 30, நம்மூர் எட்டிக்கொட்டையிலிருந்து செய்யப்படும் நக்ஸ் வாமிகா 30 என்றெல்லாம் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 6சி என்றால் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. 12சி என்னும்போது 1க்குப் பின் 24 பூஜ்யங்கள். ஒரு பொருளின் ஒரு மோல் அளவில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 6க்குப் பின் 23 பூஜ்யங்கள் என்று வேதியியல் சொல்கிறது. ஆகவே 12சியைக் கடக்கும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறாவது மிஞ்சியிருக்கும் என்று சொல்ல இயலாது. 30சி என்றால் 1க்குப் பின் 60 பூஜ்யங்கள். உலகத்துச் சமுத்திரங்கள் அனைத்தின் தண்ணீரையும் ஒன்றாய்ச் சேர்த்தாலும், அதில் ஒரே ஒரு மூலக்கூறு மருந்துக்கு அந்த விகிதம் வராது.

ஹானிமன் காலத்தில் இந்தக் கணக்கு தெளிவாயிருக்கவில்லை. மருந்துக்குள் பொருளுக்கு அப்பாற்பட்ட ஒரு சக்தி எழுப்பப்படுகிறது என்று அவர் கருதினார். தண்ணீருக்கு ஞாபகம் உண்டு என்று பிற்காலத்தில் சிலர் விளக்கம் சொன்னார்கள். 1988இல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி ழாக் பென்வெனிஸ்த் இதை நிரூபித்ததாக 'நேச்சர்' இதழில் எழுதினார். அதே இதழின் ஆசிரியர் குழுவுடன் சென்று, எந்தக் குழாயில் எது இருக்கிறதென்று ஆய்வாளருக்குத் தெரியாதபடி மறைத்துச் சோதனையை மீண்டும் செய்வித்தபோது, அந்த முடிவு கிடைக்கவில்லை.

சோதித்தறிவது எப்படி?

"எப்படி வேலைசெய்கிறது என்று தெரியாவிட்டால் என்ன? வேலைசெய்தால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடைகாணும் வழியை 1835இலேயே ஜெர்மனியின் நூரெம்பர்க் நகரத்தார் காட்டினார்கள்.

அந்நகரத்தில் ஹோமியோபதியைக்குறித்துப் பெரிய வாக்குவாதம் எழுந்தது. உப்பை 30ஆம் படிவரை நீர்க்கச் செய்து உட்கொண்டால் உடலில் மாறுதலை உணரலாம் என்று ஹோமியோபதியர் ஒருவர் சவால் விட்டார். ஊரார் கூடி, நூறு குப்பிகளுக்கு எண் இட்டு, பாதியில் வெறும் நீரையும் பாதியில் அந்த உப்பு மருந்தையும் நிரப்பினார்கள். எந்த எண்ணில் எது என்ற பட்டியலை முத்திரையிட்டு வைத்தார்கள். குடித்தவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. முடிவு சொன்ன 50 பேரில் 42 பேர் ஒன்றையும் உணரவில்லை. எட்டுப் பேர் ஏதோ உணர்ந்ததாகச் சொன்னார்கள். முத்திரையை உடைத்துப் பார்த்தபோது, அவர்களில் ஐவர் மருந்தைக் குடித்தவர்கள், மூவர் வெறும் நீரைக் குடித்தவர்கள். இன்று உலகமெங்கும் மருந்துகளைச் சோதிப்பதும் இந்த முறையிலேதான்.

அறிஞர்கள் சொல்வது என்ன?

1997இல் 'லான்செட்' மருத்துவ இதழில் லிண்டே என்பவரும் அவரது குழுவினரும் 89 சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். ஹோமியோபதியின் பலன் முழுவதும் வெறும் மாத்திரையின் பலன்தான் என்று சொல்ல இயலாது என்றும், ஆயினும் எந்த ஒரு நோய்க்கும் அது பலனளிக்கிறதென்று காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றும் எழுதினார்கள். முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் உண்டு; இரண்டாம் பாதியையும் நாம் வாசிக்கவேண்டும். தரமான சோதனைகளை மட்டும் எடுத்தால் பலன் குறைந்துபோகிறது என்று 1999இல் அதே குழுவினரே எழுதினார்கள்.

2005இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த குழுவினர் 110 ஹோமியோபதிச் சோதனைகளையும் 110 ஆங்கில மருத்துவச் சோதனைகளையும் ஒப்பிட்டார்கள். பெரியதும் தரமானதுமான சோதனைகளை மட்டும் பார்த்தபோது, ஆங்கில மருந்துகளின் பலன் நிலைநின்றது. ஹோமியோபதியின் பலனோ வெறும் மாத்திரையின் பலனோடு ஒத்துப்போனது. 2015இல் ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 176 ஆய்வுகளைப் பரிசீலித்து, ஹோமியோபதி பலனளிக்கிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரமுள்ள நோய் எதுவும் இல்லை என்று அறிவித்தது. 2017இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத்துறை இம்மருந்துகளை எழுதிக்கொடுக்க வேண்டாமென்று பரிந்துரைத்தது. 2021 ஜனவரி முதல் பிரான்ஸ் அரசு இவற்றுக்குப் பணம் திருப்பித் தருவதை நிறுத்திக்கொண்டது.

மறுதரப்பையும் கேட்பதே நீதி. ஹோமியோபதி ஒரே நோயுள்ள எல்லாருக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பதில்லை. ஆளுக்கு ஆள் மருந்து வேறுபடுவதால் இந்தச் சோதனை முறை தங்களுக்குப் பொருந்தாது என்கிறார்கள். 2005ஆம் ஆண்டு ஆய்வின் கடைசிக் கணக்கு எட்டே சோதனைகளின்மேல் நின்றதென்றும், ஆஸ்திரேலியக் கழகம் சிறிய ஆய்வுகளுக்கு மதிப்புக் கொடுக்கவில்லை என்றும் குறைகூறுகிறார்கள். ஆளுக்கேற்ற மருந்து கொடுத்து நடத்திய சோதனைகளை மட்டும் 2014இல் மேத்தி என்பவரும் குழுவினரும் ஆராய்ந்தார்கள். சிறிய அளவு பலன் தெரிவதாகச் சொன்னார்கள். ஆனால் சோதனைகளின் தரம் தாழ்ந்திருப்பதால் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்களே எழுதினார்கள். இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைமை இதுவே.

"எனக்குச் சுகமானதே!"

உங்களில் பலர் இப்போது, "எனக்குச் சுகமானதே, அது பொய்யா?" என்று கேட்பீர்கள். பொய்யன்று. நீங்கள் சுகமடைந்தது மெய். எதனால் சுகமடைந்தீர்கள் என்பதே கேள்வி.

சளி ஒரு வாரத்தில் தானாய்ப் போகும். மருக்கள் பல, மாதங்கள் சென்றால் உதிர்ந்துவிடும். மூட்டுவலியும் தலைவலியும் தோல் அரிப்பும் ஏறி இறங்கும் தன்மையுள்ளவை. மிகவும் ஏறியிருக்கும்போதே நாம் மருத்துவரிடம் ஓடுகிறோம், பிறகு அது இறங்கும்போது மருந்துக்குப் புகழ் சேர்கிறது. மேலும், அன்பாய் விசாரிக்கிற ஒருவர் நம்பிக்கையோடு கொடுக்கும் எந்த மாத்திரையும் வலியையும் பயத்தையும் ஓரளவு தணிக்கும். இது நம் சரீரத்தின் இயல்பு.

1854இல் இலண்டன் மாநகரில் வாந்திபேதி பரவியபோது, ஹோமியோபதி மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 16 பேரே இறந்தார்கள். மிடில்செக்ஸ் மருத்துவமனையிலோ 53 பேர். இதைப் பெரிய வெற்றியாய்ச் சொல்வதுண்டு. இரு மருத்துவமனைகளில் சேர்ந்த நோயாளிகளும் ஒரே விதமானவர்கள் என்று சொல்ல இயலாது. அதோடு, அந்நாட்களின் மற்ற வைத்தியம் இரத்தத்தை வடித்து, பேதிமருந்தும் கொடுத்தது. தண்ணீர் வற்றிச் சாகிறவனுக்கு அதைவிடக் கேடான வைத்தியம் உண்டோ? ஒன்றும் செய்யாத மருந்து, கேடு செய்கிற மருந்தை வென்றது. இன்றோ வாந்திபேதிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் இருக்கிறது. ஆகவே அன்றைய ஒப்பீடு இன்று செல்லாது.

சபையில் நாம் சொல்லும் சாட்சியை இதனோடு குழப்பவேண்டாம். கர்த்தர் செய்த நன்மையை அறிக்கையிடுவது ஆராதனை. ஒரு குப்பியில் அடைத்து விற்கப்படும் மருந்தோ சிருஷ்டிப்புகளில் ஒன்று. சிருஷ்டிப்பைச் சோதித்தறிவது சிருஷ்டிகரைச் சோதிப்பதாகாது.

ஆபத்து எங்கே இருக்கிறது?

30சி மாத்திரையால் விஷம் ஏறாது. ஆனால் குறைவாய் நீர்க்கச் செய்யப்பட்ட மருந்துகளில் பொருள் மெய்யாகவே இருக்கிறது. அமெரிக்காவில் குழந்தைகளுக்குப் பல் முளைக்கும்போது கொடுக்கப்பட்ட சில ஹோமியோபதி மாத்திரைகளில், அட்டையில் சொன்னதைவிட அதிகமான பெல்லடோனா இருந்ததை 2017 ஜனவரியில் அந்நாட்டு மருந்து நிர்வாகம் கண்டறிந்து அறிவித்தது.

அதைவிடப் பெரிய ஆபத்து, தாமதம். எங்கள் ஜெபக்குழுவில் டெம்போ ஓட்டும் ஒரு சகோதரர் இருக்கிறார். இருமல் வந்தது, சாலைத் தூசி என்றார். ஒரு மாதம் கழித்து வெள்ளை மாத்திரை வாங்கினார். கொஞ்சம் குறைந்ததுபோல் இருந்தது, மறுபடியும் வாங்கினார். உபவாச ஜெபத்தில் அவருடைய இருமலுக்காக நாங்களும் ஜெபித்தோம். சளியைப் பரிசோதித்தீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்று மாதம் சென்றபின் அரசு மருத்துவமனையில் காசநோய் என்றார்கள். வீட்டாரைப் பரிசோதித்தபோது நான்கு வயது மகனுக்கும் இருந்தது. ஒரே அறையுள்ள வீடு. பிள்ளை தகப்பனின் பக்கத்திலேதான் படுத்திருந்தான். சிகிச்சை முடிந்து இருவரும் இன்று சுகமாயிருக்கிறார்கள், தேவனுக்கே மகிமை. ஆனால் அந்தச் சகோதரர் சாட்சி சொல்ல எழுந்த நாளில், "நோய் என்னுடையது, தாமதத்தின் விலையை என் பிள்ளை கொடுத்தான்" என்று சொல்லி அழுதார். அந்தக் குற்றத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு.

காசநோய், எச்.ஐ.வி., மலேரியா, காய்ச்சற்சளி, குழந்தைகளின் வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கு ஹோமியோபதியை நம்பியிருக்க வேண்டாம் என்று 2009இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் எச்சரித்தார்கள். 2020 ஜனவரியில் கொரோனாவைத் தடுக்க ஆர்செனிகம் ஆல்பம் 30 எடுத்துக்கொள்ளலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் ஆலோசனை சொன்னது; மும்பை உள்ளிட்ட பல இடங்களில் அது வீடு வீடாய்க் கொடுக்கப்பட்டது. அது தொற்றைத் தடுக்கும் என்பதற்கு நம்பத்தக்க சோதனை ஆதாரம் அன்று இருக்கவில்லை. அதை விழுங்கிவிட்டோம் என்ற தைரியத்தில் முகக்கவசத்தைக் கழற்றியவர்கள் நம்மிலும் இருந்தார்கள்.

விசுவாசமும் மருந்தும்

மருந்தே எடுக்கக்கூடாது என்ற வைராக்கியத்தில் நிற்கும் விசுவாசிகள் நம் நடுவில் உண்டு. அவர்களில் சிலர் ஆங்கில மருந்தை மறுத்து, "இது மருந்தல்ல, சர்க்கரைதானே" என்று ஹோமியோபதியை ஏற்றுக்கொள்வதையும் கண்டிருக்கிறேன். வேறு சிலர், ஹானிமன் உயிர்ச்சக்தியைப்பற்றிப் பேசினார் என்பதால் அதைத் தொடவே அஞ்சுகிறார்கள். அவரவர் மனச்சாட்சியில் நான் கைவைக்கத் துணியேன்.

வேதத்தை மாத்திரம் நினைப்பூட்டுகிறேன். எசேக்கியா ராஜா ஜெபித்தான். கர்த்தர் சுகத்தை வாக்குப்பண்ணினார். அப்பொழுதும் ஏசாயா அத்திப்பழ அடையைப் புண்ணின்மேல் வைக்கச் சொன்னான் (2 இராஜாக்கள் 20). சமாரியன் காயங்களைக் கட்டினான் (லூக்கா 10). பவுலோடு ஊழியஞ்செய்த லூக்கா ஒரு வைத்தியர் (கொலோசெயர் 4). பெரும்பாடுள்ள ஸ்திரீயோ அநேக வைத்தியரிடத்தில் பணத்தையெல்லாம் செலவழித்தும் அதிக வருத்தமே அடைந்தாள் (மாற்கு 5). மருத்துவம் தேவனுடைய ஈவு. ஆனால் எல்லா மருத்துவமும் பலன் தருவதில்லை. ஆகவேதான் எல்லாவற்றையும் சோதித்தறிந்து நல்லதைப் பிடித்துக்கொள்ளும்படி அப்போஸ்தலன் கற்பிக்கிறான் (1 தெசலோனிக்கேயர் 5).

உங்கள் வீட்டுக்குச் சில ஆலோசனைகள்

1. இரண்டு வாரத்துக்குமேல் இருமல் நீடித்தால், எந்த மாத்திரையும் வாங்குமுன் அரசு மருத்துவமனையில் சளியைப் பரிசோதியுங்கள். காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டமும் உண்டு.

2. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உடனே உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதிருங்கள், துத்தநாக மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள். சிறுநீர் குறைந்தாலும், பிள்ளை சோர்ந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

3. இன்சுலின், சர்க்கரை மாத்திரை, இரத்தக் கொதிப்பு மாத்திரை, வலிப்பு மாத்திரை ஆகியவற்றை எவர் சொன்னாலும் தானாய் நிறுத்தாதிருங்கள். மருந்தை விடச் சொல்லும் ஆலோசனை எந்த வாயிலிருந்து வந்தாலும், அதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்.

4. தடுப்பூசிக்குப் பதிலாக வேறெந்த மாத்திரையையும் ஏற்காதிருங்கள்.

5. சில ஹோமியோபதி மருத்துவர்கள் ஆங்கில மருந்தும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஓராண்டு மருந்தியல் பயிற்சி பெற்றவர்களுக்கு இதை அனுமதிக்க 2014இல் மகாராஷ்டிரம் சட்டத்தைத் திருத்தியது. ஆகவே பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று கேட்டு, பெயரை எழுதி வாங்குங்கள்.

6. சிறு உபாதைகளுக்கு உங்கள் ஹோமியோபதி மருத்துவரிடம் செல்லவே விரும்பினால், நாள் குறித்துக்கொண்டு செல்லுங்கள். அந்த நாளுக்குள் குணமாகாவிட்டால் பரிசோதனைக்குச் செல்வோம் என்று வீட்டார் அனைவரும் அறியத் தீர்மானியுங்கள்.

பிரியமானவர்களே, ஹோமியோபதி மருத்துவரிடம் நம் ஜனங்கள் கூடுவது மாத்திரைக்காக மட்டுமன்று. தங்களைக் கேட்கும் ஒரு செவிக்காகவும் கூடுகிறார்கள். அந்தச் செவியைச் சபை கொடுக்க முடியும். பாஷை தெரியாத சகோதரியோடு மருத்துவமனை வரிசையில் நிற்க ஒருவர், டாக்டர் சொன்னதைத் தமிழில் விளக்க ஒருவர், மாத்திரை தவறாமல் சாப்பிட்டாயா என்று விசாரிக்க ஒருவர் ஒவ்வொரு ஜெபக்குழுவிலும் எழும்பட்டும். அடுத்த ஞாயிறு சபை வாசலில் ஒருவர் இருமினால், அவருக்காக ஜெபியுங்கள், பிறகு, "எத்தனை நாளாய் இருக்கிறது?" என்றும் கேளுங்கள்.

சகல சரீரங்களையும் உண்டாக்கின தேவன் உங்கள் வீட்டாருக்குச் சுகத்தையும் விவேகத்தையும் கட்டளையிடுவாராக. ஆமென்.